நான்கு வருடம் யாரும் பேசாத மாணவன்: ஜெனரல் பெஞ்சமின் டேவிஸ்



அமெரிக்க விமானப்படையின் பெரிய ஜெனரல்கள் யார் யார் என்று தேடினால் ஹாப் அர்னால்ட், கர்டிஸ் லெமே, பில்லி மிட்செல் என்று ஒரு பட்டியல் வரும். எல்லாரைப் பற்றியும் படிக்க நிறைய இருக்கிறது. இந்தப் பதிவு அந்த வரிசையில் கொஞ்சம் தள்ளி நிற்கும் ஒருவரைப் பற்றியது. பெயர் பெஞ்சமின் ஆலிவர் டேவிஸ் ஜூனியர். அமெரிக்க விமானப்படையின் முதல் கறுப்பின ஜெனரல்.

"முதல் கறுப்பினத்தவர்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவது சுலபம். பொது அறிவுக் கேள்வி பதிலுக்கு அது போதும். ஆனால் இவருடைய வாழ்க்கையைப் படித்தால் அதற்குள் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. ஒரு மனிதனைப் பார்த்து "உனக்குத் திறமை கிடையாது, உன் இனத்துக்கே கிடையாது" என்று ஒரு அமைப்பு சொல்கிறது. அவன் என்ன செய்ய வேண்டும்? சண்டை போட வேண்டுமா? இல்லை, வேலையைச் செய்து காட்டி நிரூபிக்க வேண்டுமா? டேவிஸ் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார். அது எவ்வளவு தூரம் பலித்தது, எங்கே பலிக்கவில்லை, அதற்கு என்ன விலை கொடுத்தார் என்பதுதான் இந்தப் பதிவு.

அப்பாவும் வாசல் விளக்கும்

டேவிஸ் பிறந்தது 1912 டிசம்பர் 18, வாஷிங்டன் நகரில். அப்பாவின் பெயரும் பெஞ்சமின் டேவிஸ்தான். அவரும் ராணுவ அதிகாரி. அன்றைய அமெரிக்க ராணுவத்தில் கறுப்பின வீரர்கள் தனிப் படைப்பிரிவுகளில்தான் இருப்பார்கள். அந்தப் பிரிவுகளுக்கும் பெரும்பாலும் வெள்ளை அதிகாரிகள்தான். ஒரு கறுப்பு அதிகாரி வெள்ளைச் சிப்பாய்க்கு உத்தரவு போடும் நிலை எங்கேயும் வந்துவிடக் கூடாது என்பது எழுதப்படாத சட்டம். அதனால் அப்பா டேவிஸை, கல்லூரிகளில் ராணுவப் பாடம் நடத்துவது மாதிரியான வேலைகளுக்கே மாற்றி மாற்றி அனுப்பிக் கொண்டிருந்தார்கள்.

அப்படி ஒரு முறை அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்ற ஊரில் இருந்தபோது, கு க்ளக்ஸ் கிளான் ஆட்கள் அவர்கள் வீட்டு வழியாக ஊர்வலம் போவதாகத் தகவல் வந்தது. கறுப்பர்கள் எல்லாரும் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குள் இருக்கும்படி சொல்லியிருந்தார்கள். அப்பா டேவிஸ் தன் வெள்ளை ராணுவ உடையை அணிந்து கொண்டு, குடும்பத்தையும் கூட்டிக் கொண்டு, வாசல் விளக்கைப் போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். ஊர்வலம் எதிரே கடந்து போயிற்று. அந்தத் தெருவில் வேறு எங்கும் வெளிச்சம் இல்லை. அவர் கத்தவில்லை, துப்பாக்கியும் எடுக்கவில்லை. மகன் அதை மறக்கவே இல்லை.

1926ல், பையனுக்குப் பதிமூன்று வயதாக இருக்கும்போது, அப்பா ஐந்து டாலர் கொடுத்து வாஷிங்டன் போலிங் ஃபீல்டில் ஒரு விமானத்தில் ஏற்றிவிட்டார். திறந்த விமானம், சின்ன ரவுண்டு. இறங்கி வரும்போதே பையன் முடிவு செய்துவிட்டான், பைலட் ஆக வேண்டும் என்று.

வெஸ்ட் பாயிண்ட்

வெஸ்ட் பாயிண்ட் அமெரிக்காவின் புகழ்பெற்ற ராணுவ அகாடமி. அங்கே சேர ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் பரிந்துரை வேண்டும். அப்போது அமெரிக்க நாடாளுமன்றத்திலேயே கறுப்பின உறுப்பினர் ஒரே ஒருவர்தான், சிகாகோவைச் சேர்ந்த ஆஸ்கர் டி பிரீஸ்ட். அவர் பரிந்துரைத்தார். 1931ல் நுழைவுத் தேர்வு எழுதிய டேவிஸ் ஃபெயில். அடுத்த வருடம் திரும்ப எழுதிப் பாஸ் செய்து, 1932 ஜூலையில் சேர்ந்தார்.

முதல் சில நாட்கள் சக மாணவர்கள் சகஜமாகத்தான் பேசினார்கள். ஒருநாள் விடுதியின் கீழ்த்தளத்தில் கூட்டம் என்று அறிவிப்பு வந்தது. எல்லாருக்கும்தான் என்று நினைத்து இவரும் போனார். வாசலை நெருங்கும்போது உள்ளே பேசுவது காதில் விழுந்தது. கூட்டமே இவரை என்ன செய்வது என்பது பற்றித்தான். திரும்பி அறைக்கு வந்துவிட்டார். அன்றைக்குப் பிறகு யாரும் அவரிடம் பேசவில்லை.

இதற்கு வெஸ்ட் பாயிண்டில் ஒரு பெயரே உண்டு, "சைலன்சிங்". பொய் சொன்ன, காப்பியடித்த மாணவனை வெளியேற வைப்பதற்காகப் பயன்படுத்திய தண்டனை அது. டேவிஸ் செய்த ஒரே குற்றம் கறுப்பாகப் பிறந்தது. நான்கு வருடமும் அறையில் தனியாகத் தங்கினார். சாப்பாட்டு மேஜையில் தனி. பஸ்ஸில் பக்கத்து சீட் காலி. பணி சம்பந்தமாகக் கேட்டால் மட்டும் பதில் சொல்வார்கள். மற்றபடி ஒரு வார்த்தை கிடையாது.

கல்லூரியில் படிக்கும் நாம் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். இரண்டு நாள் நண்பர்கள் பேசவில்லை என்றாலே நமக்குச் சாப்பாடு இறங்காது. நான்கு வருடம்! அவரைத் துரத்துவதுதான் நோக்கம் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்ததனாலேயே போகக் கூடாது என்று முடிவு செய்துவிட்டார்.

1936 ஜூனில் 276 பேரில் 35வது இடத்தில் தேறினார். வெஸ்ட் பாயிண்டில் பட்டம் பெற்ற நான்காவது கறுப்பர் அவர். அவருக்கு முன்னால் தேறியவர் 1889ல். இடையில் 47 வருடம்! அவரோடு ஒரே வகுப்பில் தேறியவர்களில் பின்னாளில் வியட்நாம் போரை நடத்திய வெஸ்ட்மோர்லாண்டும் ஒருவர். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வருட மாணவர் மலரில் டேவிஸின் துணிச்சலையும் விடாமுயற்சியையும் வகுப்புத் தோழர்கள் மனதார வியப்பதாக எழுதியிருந்தார்கள். நான்கு வருடம் வாயைத் திறக்காதவர்கள் அச்சில் பாராட்டினார்கள்!

பட்டம் வாங்கிய கையோடு வெஸ்ட் பாயிண்ட் தேவாலயத்திலேயே அகாதா ஸ்காட் என்ற பெண்ணைத் திருமணம் செய்து கொண்டார். அதற்குப் பிறகு இந்தக் கதையில் டேவிஸ் பட்ட ஒவ்வொரு அவமானத்திலும் பாதி அந்த அம்மாவுக்கும் உண்டு.

இடம் இல்லை

படிக்கும்போதே விமானப் பிரிவுக்கு விண்ணப்பித்திருந்தார். நிராகரித்துவிட்டார்கள். காரணம் ரொம்ப எளிமை: விமானப் பிரிவில் கறுப்பர் படைப்பிரிவு எதுவும் இல்லை, உருவாக்கும் எண்ணமும் இல்லை. அதனால் கறுப்பு பைலட் தேவையில்லை. (அந்தக் காலத்தில் விமானப்படை தனிப்படை கிடையாது, ராணுவத்தின் ஒரு பகுதி. 1947ல்தான் தனியானது.)

ஜார்ஜியாவில் ஃபோர்ட் பென்னிங்கில் கறுப்பர் காலாட்படைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே அதிகாரிகள் கிளப்பில் அவருக்கு அனுமதி இல்லை. இந்த அவமானத்தை அவர் கடைசி வரை மறக்கவில்லை. அன்றைக்கு அமெரிக்க ராணுவத்தில், பாதிரியார்களைத் தவிர்த்து, மொத்தமே இரண்டு கறுப்பின அதிகாரிகள். ஒருவர் இவர், இன்னொருவர் இவர் அப்பா! பிறகு இவரையும் எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? டஸ்கீகிக்கு, கல்லூரியில் ராணுவப் பாடம் நடத்த. அப்பா பார்த்த அதே வேலை.

ராணுவத்தின் இந்த நம்பிக்கைக்கு ஓர் "ஆதாரமும்" இருந்தது. 1925ல் ராணுவப் போர்க் கல்லூரி ஓர் அறிக்கை தயாரித்தது. கறுப்பர்களுக்கு அறிவும் துணிச்சலும் குறைவு, பொறுப்புக்குத் தகுதியில்லை என்பதுதான் அதன் சாரம். அது ஆய்வு என்ற பெயரில் வந்த ஆவணம் என்பதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். டேவிஸ் பின்னாளில் எதிர்த்து நின்றது தெருவில் போகிற யாரோ ஒருவரின் வெறுப்பை மட்டும் இல்லை, இந்த மாதிரிக் கோப்புகளையும்தான்.

டஸ்கீகியில் ஐந்து பேர்

1940 அதிபர் தேர்தல் நேரத்தில் கறுப்பர் அமைப்புகளும் பத்திரிகைகளும் ரூஸ்வெல்ட்டை நெருக்கின. அந்த அக்டோபரில் அப்பா டேவிஸ் பிரிகேடியர் ஜெனரல் ஆனார், அமெரிக்க ராணுவத்தின் முதல் கறுப்பின ஜெனரல். 1941 தொடக்கத்தில் கறுப்பர்களுக்கென்று ஒரு போர் விமானப் பிரிவு தொடங்கப்படும் என்ற அறிவிப்பும் வந்தது. பயிற்சி டஸ்கீகியில்.

இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். டேவிஸ் எவ்வளவு நன்றாகப் படித்திருந்தாலும், அந்தக் கதவைத் திறந்தது அவருடைய மதிப்பெண் இல்லை, வெளியே நடந்த அரசியல் போராட்டம்தான். கதவு திறந்தபோது உள்ளே போகத் தயாராக ஓர் ஆள் இருந்தார் என்பதுதான் அவர் பங்கு.

அதிலும் ஒரு தடங்கல். முதல் மருத்துவப் பரிசோதனையில் அவருக்கு வலிப்பு நோய் என்று எழுதிவிட்டார்கள். கறுப்பின விண்ணப்பதாரர்களைத் தட்டிக் கழிக்க இது வழக்கமான உத்தி. மேலிடத்துக்கோ அவர் தேவை. வேறு இடத்துக்கு அனுப்பி மறுபடி பரிசோதித்தார்கள். நோய் காணாமல் போய்விட்டது :-)

1941 ஜூலையில் பயிற்சி தொடங்கியபோது 13 பேர். 1942 மார்ச் 7ல் பைலட் சின்னம் குத்திக் கொண்டவர்கள் 5 பேர். அதில் ஒருவர் டேவிஸ். விரைவிலேயே 99வது ஸ்குவாட்ரனின் தலைவரும் ஆனார்.

"பரிசோதனை தோல்வி"

1943 ஏப்ரலில் 99வது ஸ்குவாட்ரன் வட ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. பி-40 விமானங்கள். ஜூன் 2ல் இத்தாலிக்கு அருகில் உள்ள பான்டெல்லெரியா தீவின் மேல் முதல் தாக்குதல். ஜூலை 2ல் சார்லஸ் ஹால் என்ற பைலட் முதல் ஜெர்மன் விமானத்தை வீழ்த்தினார்.

மற்ற ஸ்குவாட்ரன்களுக்கும் இவர்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஒரு புது ஸ்குவாட்ரன் போர்க்களத்துக்குப் போனால், ஏற்கெனவே சண்டை பார்த்த சில பைலட்டுகள் அதில் கலந்திருப்பார்கள். புதியவர்கள் அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். 99வதில் அப்படி யார் இருக்க முடியும்? சண்டை பார்த்த கறுப்பு பைலட் அமெரிக்க ராணுவத்திலேயே ஒருவர்கூடக் கிடையாது. தலைவர் டேவிஸ் உட்பட எல்லாருமே புதிது.

1943 செப்டம்பரில் டேவிஸை அமெரிக்காவுக்குத் திரும்ப அழைத்தார்கள், புதிதாக அமைந்த 332வது ஃபைட்டர் குரூப்புக்குத் தலைமை ஏற்க. அந்த நேரத்தில்தான் 99வது எந்தக் குரூப்போடு சேர்ந்து பறந்ததோ, அதன் தலைவர் கர்னல் மோமையர் ஓர் அறிக்கை அனுப்பினார். இவர்களுக்குச் சண்டையிடும் வேகம் போதாது, குழுவாகப் பறக்கும் கட்டுப்பாடு சண்டையில் குலைந்து போகிறது என்றெல்லாம் எழுதியிருந்தார். மேலே இருந்த ஜெனரல்களும் அதை ஆமோதித்து, 99வதைக் கடலோரக் காவலுக்கு மாற்றலாம் என்றார்கள். விஷயம் கசிந்து டைம் பத்திரிகையிலும் வந்துவிட்டது. அந்த அறிக்கை ஏற்கப்பட்டிருந்தால் கறுப்பர்கள் போர் விமானம் ஓட்டும் கதை அங்கேயே முடிந்திருக்கும். 332வது குரூப் போர் முனைக்கே போயிருக்காது.

அகாதா எழுதிய கடிதங்களிலும் டேவிஸின் சொந்த மனத்திலும் எவ்வளவு கோபம் இருந்திருக்கும் என்று நாம் ஊகித்துக் கொள்ளலாம். ஆனால் அக்டோபர் 16ல் ராணுவத் துறையின் மெக்லாய் குழு முன்னால் உட்கார்ந்தபோது அவர் கோபத்தைக் காட்டவில்லை. இனவெறி என்று குற்றம் சாட்டவும் இல்லை. கணக்கு சொன்னார். ஆரம்பத்தில் அனுபவம் இல்லாததால் தவறுகள் நடந்தன என்று ஒப்புக்கொண்டார். பிறகு, மற்ற ஸ்குவாட்ரன்களில் 30 முதல் 35 பைலட்டுகள், தன்னிடம் 26 பேர்தான் என்றார். மாற்று ஆட்கள் மாதக்கணக்கில் வரவில்லை. அதனால் ஒவ்வொருவரும் மற்றவர்களைவிட அதிக முறை பறக்க வேண்டியிருந்தது. களைப்பு என்று நீங்கள் எழுதியிருப்பதற்குக் காரணம் இதுதான் என்றார்.

ராணுவம் ஓர் ஒப்பீட்டு ஆய்வுக்கு உத்தரவிட்டது. மத்தியதரைக்கடல் பகுதியில் இருந்த மற்ற பி-40 ஸ்குவாட்ரன்களோடு 99வதை ஒப்பிட்டார்கள். குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் இல்லை என்று முடிவு வந்தது. அதற்கிடையில் களத்திலேயே ஒரு பதில் கிடைத்தது. 1944 ஜனவரி 27, 28 ஆகிய இரண்டு நாட்களில் இத்தாலியின் அன்சியோ கடற்கரைக்கு மேல் 99வது பைலட்டுகள் சுமார் ஒரு டஜன் ஜெர்மன் விமானங்களை வீழ்த்தினார்கள். அதன் பிறகு கடலோரக் காவல் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

சிவப்பு வால்கள்

1944 கோடையில் டேவிஸின் 332வது குரூப் இத்தாலியில் ராமிடெல்லி தளத்துக்கு வந்தது. 99வதும் இதோடு சேர, மொத்தம் நான்கு ஸ்குவாட்ரன்கள். முதலில் பி-47, ஜூலையிலிருந்து பி-51 மஸ்டாங். விமானத்தின் வாலுக்குச் சிவப்பு வண்ணம் அடித்தார்கள். "ரெட் டெயில்ஸ்" என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

இவர்களின் முக்கிய வேலை, ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் ருமேனியாவுக்கும் போகும் கனரகக் குண்டுவீச்சு விமானங்களுக்குப் பாதுகாப்பாகப் போய் வருவது. இது கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஒரு ஃபைட்டர் பைலட்டுக்குப் பேர், பதக்கம், பத்திரிகைப் புகழ் எல்லாம் கிடைப்பது எதிரி விமானத்தை வீழ்த்தினால்தான். எதிரி ஒருவன் தலையைக் காட்டிவிட்டு ஓடினால் துரத்திக் கொண்டு போகத்தான் கை துறுதுறுக்கும். ஆனால் துரத்திப் போனால், பின்னால் குண்டுவீச்சு விமானங்கள் தனியாக மாட்டிக் கொள்ளும். ஒவ்வொன்றிலும் பத்துப் பேர். டேவிஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: துரத்தக் கூடாது, குண்டுவீச்சு விமானங்களோடுதான் இருக்க வேண்டும்.

இளம் பைலட்டுகளுக்கு இது கசப்பாகத்தான் இருந்திருக்கும். டேவிஸுக்கோ இரண்டு கணக்கு. ஒன்று, அந்தப் பத்துப் பேரின் உயிர். இன்னொன்று, "கட்டுப்பாடு இல்லாதவர்கள்" என்று மோமையர் எழுதியதற்குப் பதில்.

1945 மார்ச் 24ல் பெர்லினில் உள்ள டாங்க் தொழிற்சாலை மீதான தாக்குதலுக்குப் பாதுகாப்பாகப் போனார்கள். போக வர சுமார் 1600 மைல். அன்று எதிரே வந்தவை ஜெர்மனியின் புதிய ஜெட் விமானங்கள். மஸ்டாங்கைவிட வேகமானவை. அவற்றில் மூன்றை இவர்கள் வீழ்த்தினார்கள். போர் முடிந்தபோது டஸ்கீகி பைலட்டுகள் வானில் வீழ்த்திய விமானங்கள் 112.

ஒன்றுகூட விழவில்லையா?

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். "ரெட் டெயில்ஸ் பாதுகாப்பில் போன ஒரு குண்டுவீச்சு விமானத்தைக்கூட எதிரி விமானங்கள் வீழ்த்தியதில்லை" என்று பல புத்தகங்களிலும் படங்களிலும் பார்த்திருப்பீர்கள். நம் மெயிலுக்கு ஃபார்வர்டாகவும் வந்திருக்கும். அது உண்மை இல்லை.

விமானப்படையின் வரலாற்று ஆய்வாளர் டேனியல் ஹால்மன் ஒவ்வொரு நாளின் பதிவுகளையும் எடுத்து, இழந்த விமானங்களின் அறிக்கைகளோடு ஒப்பிட்டார். 332வது குரூப்பின் பாதுகாப்பில் போன 27 குண்டுவீச்சு விமானங்கள் எதிரி விமானங்களால் வீழ்த்தப்பட்டிருக்கின்றன. சிகாகோவில் ஒரு பத்திரிகை "ஒன்றுகூட இழக்கவில்லை" என்ற செய்தியை வெளியிட்டதே 1945 மார்ச் 24 அன்றுதான். அதே நாள் பெர்லின் பயணத்தில் இவர்கள் பாதுகாத்த சில குண்டுவீச்சு விமானங்கள் விழுந்தன. இன்னொன்று, 1944 ஜூன் 9 மியூனிக் பயணத்துக்காக டேவிஸுக்குக் கொடுத்த பதக்கத்தின் குறிப்பிலேயே இழப்பு மிகக் குறைவு என்றுதான் இருக்கிறது. இழப்பே இல்லை என்று இல்லை.

இதை எழுதினால் சிலருக்கு வருத்தம் வரும். 2006ல் இந்த விவரம் வெளியே வந்தபோதும் வந்தது. எனக்கு என்னவோ இது டேவிஸின் பெருமையைக் கூட்டுவதாகத்தான் தெரிகிறது. அதே 15வது விமானப்படையில் இதே வேலையைச் செய்த மற்ற ஃபைட்டர் குரூப்புகளின் சராசரி இழப்பு 46. இவர்களுடையது 27. வெறும் கணக்கிலேயே இவர்கள் முன்னால் நிற்கிறார்கள். அதோடு, உண்மையான எண்களை மேஜையில் வைத்து வாதாடிய மனிதருக்கு நாம் பொய்யான ஒரு பூஜ்யத்தைப் பரிசாகக் கொடுக்க வேண்டியதில்லை. கறுப்பு பைலட்டுகள் குறையே இல்லாத தேவதைகளாக இருந்தால்தான் மதிப்போம் என்பதும் ஒரு வகையில் அநியாயம்தானே?

கட்டுப்பட்டவர்களும் மறுத்தவர்களும்

ஐரோப்பாவில் டேவிஸ் இப்படி இருக்க, அமெரிக்காவில் இன்னொரு கதை நடந்தது. கறுப்பர்களின் குண்டுவீச்சுப் பிரிவான 477வது குரூப் இன்டியானாவில் ஃப்ரீமன் ஃபீல்ட் என்ற தளத்தில் இருந்தது. அங்கே அதிகாரிகள் கிளப் இரண்டு. "பயிற்சி தருபவர்களுக்கு" ஒன்று, "பயிற்சி பெறுபவர்களுக்கு" ஒன்று என்று பெயர். நடைமுறையில் வெள்ளையர்களுக்கு ஒன்று, கறுப்பர்களுக்கு ஒன்று. 1945 ஏப்ரலில் கறுப்பு அதிகாரிகள் சிறு சிறு குழுவாக வெள்ளையர் கிளப்புக்குள் நுழைந்தார்கள். கைது செய்யப்பட்டார்கள். பிறகு, இந்த ஏற்பாட்டை ஏற்கிறேன் என்று கையெழுத்துப் போடும்படி எல்லாருக்கும் உத்தரவு. போர்க்காலத்தில் நேரடி உத்தரவை மறுத்தால் மரண தண்டனைகூட விதிக்கலாம். தெரிந்தே 101 பேர் மறுத்தார்கள்.

பெரும் கூச்சலுக்குப் பிறகு 101 பேரும் விடுவிக்கப்பட்டார்கள். வேறு குற்றச்சாட்டுகளில் மூன்று பேர் மேல் மட்டும் ராணுவ வழக்கு நடந்து, ரோஜர் டெர்ரி என்ற ஒருவருக்குத் தண்டனை கிடைத்தது. அது 1995ல் ரத்து செய்யப்பட்டது. வெள்ளைத் தலைவரை மாற்றிவிட்டு 477வதுக்குத் தலைமை ஏற்க ஜூனில் யாரை அனுப்பினார்கள்? டேவிஸைத்தான்.

மேலே நான் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கே கொஞ்சம் தெளிவாகிறது என்று நினைக்கிறேன். டேவிஸ் கட்டுப்பட்டு நிரூபித்தார். அந்த 101 பேர் கட்டுப்பட மறுத்து நிரூபித்தார்கள். ஃபோர்ட் பென்னிங்கில் டேவிஸை உள்ளே விடாத அதே மாதிரி கிளப் கதவைத்தான் இவர்கள் தள்ளினார்கள். டேவிஸின் சாதனைப் பட்டியல் இல்லாவிட்டால் "இவர்களால் முடியாது" என்ற வாதம் உயிரோடு இருந்திருக்கும். அந்த 101 பேர் இல்லாவிட்டால் "இப்படியே நன்றாகத்தானே போகிறது" என்ற வாதம் உயிரோடு இருந்திருக்கும். இரண்டும் தேவைப்பட்டன.

லாக்போர்ன் முதல் மூன்று நட்சத்திரம் வரை

1946ல் குழு ஒஹையோ மாநிலத்தில் லாக்போர்ன் தளத்துக்கு மாறியது. டேவிஸ்தான் தளபதி. வெள்ளை அதிகாரிகளின் மேற்பார்வை இல்லாமல் முழுக்கக் கறுப்பர்களே நடத்திய விமானத்தளம் அது. அங்கே வேலை பார்த்த வெள்ளைச் சிவிலியன் ஊழியர்களுக்கும் அவர்தான் மேலதிகாரி. எந்தக் காட்சி வந்துவிடக் கூடாது என்று அப்பாவை ஊர் ஊராகத் துரத்தினார்களோ, அந்தக் காட்சி!

1948 ஜூலை 26ல் அதிபர் ட்ரூமன் 9981 என்ற உத்தரவைப் போட்டார். படைகளில் எல்லாருக்கும் சம வாய்ப்பு. விமானப்படை மற்றவர்களைவிட வேகமாக அதை நிறைவேற்றியது. அதற்கு நியாய உணர்வு மட்டும் காரணம் இல்லை. தனிப்பிரிவு முறையில் வீணடிப்பு அதிகம். லாக்போர்னில் தேர்ச்சி பெற்ற மெக்கானிக்குகள் தேவைக்கு மேல் இருப்பார்கள், வேறு தளத்தில் ஆள் கிடைக்காமல் திண்டாடுவார்கள். ஆனால் தோல் நிறம் காரணமாக இவர்களை அங்கே அனுப்ப முடியாது. 1949ல் இந்த முட்டாள்தனம் முடிவுக்கு வந்தது. அந்த மே மாதம்தான் லாஸ் வேகாஸில் நடந்த விமானப்படைத் துப்பாக்கிச் சுடும் போட்டியில் 332வது அணி புரொப்பல்லர் விமானப் பிரிவில் முதலிடம் பெற்றிருந்தது. ஜூலை 1ல் 332வது கலைக்கப்பட்டு, அதன் ஆட்கள் எல்லாத் தளங்களுக்கும் பிரித்து அனுப்பப்பட்டார்கள்.

அதன் பிறகு டேவிஸின் பதவி உயர்வுகளை வேகமாகப் பார்த்துவிடலாம். 1949ல் அலபாமாவில் விமானப்படைப் போர்க் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார். தளத்துக்குள் சமத்துவம், கேட்டைத் தாண்டி மான்ட்கோமரி நகரத்துக்குள் போனால் பழைய பிரிவினை. 1953ல் கொரியாவில் 51வது விங்கின் தலைவர், இந்த முறை எல்லா இனத்தவரும் அவர் கீழே. 1954 அக்டோபரில் பிரிகேடியர் ஜெனரல். பிறகு தைவான், ஜெர்மனி. 1959ல் மேஜர் ஜெனரல், 1965ல் லெப்டினன்ட் ஜெனரல். வியட்நாம் போர்க் காலத்தில் 1967ல் பிலிப்பைன்ஸ் கிளார்க் தளத்தில் 13வது விமானப்படைக்குத் தலைமை. 1970 பிப்ரவரி 1ல் மூன்று நட்சத்திரத்தோடு ஓய்வு.

ஓய்வுக்குப் பிறகு கிளீவ்லாந்து நகரத்தின் பொதுப் பாதுகாப்பு இயக்குநராகச் சேர்ந்தார். அந்த நகரின் கறுப்பின மேயர் கார்ல் ஸ்டோக்ஸுடன் ஒத்துப் போகவில்லை, சில மாதங்களிலேயே விலகிவிட்டார். உத்தரவு போட்டால் நடக்கும் என்று பழகியவருக்கு ஒரு நகரத்தின் அரசியல் பிடிபடவில்லை போலும். அதே வருடம் போக்குவரத்துத் துறையில் விமானக் கடத்தலைத் தடுக்கும் பொறுப்பு வந்தது. இது அவருக்கு ஏற்ற வேலை. விமானங்களில் ஆயுதம் ஏந்திய காவலர்கள், விமான நிலையச் சோதனை என்று இன்றைக்கு நாம் பெல்ட்டைக் கழற்றி நிற்கும் முறைக்கெல்லாம் அடித்தளம் அந்தக் காலத்தில்தான் போடப்பட்டது.

நான்காவது நட்சத்திரம்

பல பேர் டேவிஸுக்கு நான்காவது நட்சத்திரம் பணியில் இருக்கும்போதே கிடைத்திருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். கிடைக்கவில்லை. விமானப்படையின் முதல் கறுப்பின நான்கு நட்சத்திர ஜெனரல் என்ற பெயர், அவரிடமே பணியாற்றிய டஸ்கீகிக்காரர் "சாப்பி" ஜேம்ஸுக்கு 1975ல் போனது. டேவிஸுக்கு 1998 டிசம்பர் 9ல்தான், ஓய்வு பெற்று 28 வருடம் கழித்து, அதிபர் கிளிண்டன் நான்காவது நட்சத்திரத்தைக் குத்திவிட்டார். அப்போது அவருக்கு வயது 85.

2002 மார்ச்சில் அகாதா இறந்தார். ஜூலை 4, அமெரிக்காவின் சுதந்திர தினத்தன்று டேவிஸ் இறந்தார். ஆர்லிங்டனில் அடக்கம். அவருடைய சுயசரிதை 1991ல் வந்தது. அதன் தலைப்பு தன் பெயரும், அதற்குப் பக்கத்தில் "அமெரிக்கன்" என்ற ஒரே சொல்லும்தான். "முதல்", "கறுப்பின" எதுவும் இல்லை.

2017ல் வெஸ்ட் பாயிண்டில் புதிதாகக் கட்டிய மாணவர் விடுதிக்கு டேவிஸ் பெயரை வைத்தார்கள். எந்த விடுதியில் அவரிடம் யாரும் பேசவில்லையோ, அதே வளாகத்தில். 2020ல் சார்லஸ் பிரவுன் விமானப்படைக்கே தலைவரானார், அமெரிக்காவின் முப்படைகளில் ஒன்றின் தலைமைக்கு வந்த முதல் கறுப்பினத்தவர்.

என் கருத்து

டேவிஸின் கதையைச் சொல்லி "பாருங்கள், கஷ்டப்பட்டு உழைத்தால் எல்லாரும் முன்னேறலாம்" என்று முடிப்பது வழக்கம். நான் அப்படி முடிக்க விரும்பவில்லை. அவரோடு படித்த வெள்ளை மாணவன் 200வது இடத்தில் தேறியிருந்தாலும் விமானப் பிரிவுக்கு விண்ணப்பித்திருக்கலாம். 35வது இடம் வாங்கிய டேவிஸால் முடியவில்லை. ஒரு ஸ்குவாட்ரன் சரியாகச் சண்டையிடவில்லை என்றால் அந்த ஸ்குவாட்ரனை மட்டும்தான் குறை சொல்வார்கள். 99வது தடுமாறினால் ஓர் இனத்தையே குறை சொன்னார்கள். இந்தச் சுமையோடு நாற்பது வருடம் ஒரு தவறும் செய்யாமல் நடந்து கொள்வது சாதாரண மனிதனால் முடியாது. அவர் சிரிப்பதே அரிது, யாரிடமும் நெருங்கிப் பழகமாட்டார் என்று அவர் கீழே பணியாற்றியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பத்தொன்பது வயதில் தொடங்கி நான்கு வருடம் பேச ஆளில்லாமல் இருந்தவர் அப்படி ஆனதில் ஆச்சரியம் என்ன?

அவர் சாதித்தார் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் எத்தனை பேர் அந்த நான்கு வருடத்தைத் தாங்க முடியாமல் முதல் வருடத்திலேயே கிளம்பிப் போயிருப்பார்கள்? அவர்களில் எத்தனை பேர் நல்ல பைலட்டுகள்? அந்தக் கணக்கு எந்தக் கோப்பிலும் இல்லை.

உங்கள் வகுப்பிலோ விடுதியிலோ எல்லாரும் சேர்ந்து ஒருவரிடம் பேசாமல் இருக்கிறீர்கள் என்றால், காரணம் எதுவாக இருந்தாலும், இன்றைக்குப் போய் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். அந்த 275 பேரில் ஒருவருக்காவது அது தோன்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

படித்தவர்கள் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். மீண்டும் சந்திப்போம்.